மதினியை யாரும் கேட்கவில்லை

ஆபரேஷன் அறைக்கு வெளியே எங்கள் கையில் கொடுத்த அந்த எவர்சில்வர் தட்டு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதில் மதினியின் தாலிச்செயின், தோடு, வளையல்கள். அவற்றின் மேல் கத்தரித்துப் போட்ட இரண்டு சிவப்புத் துண்டுகள். ஒன்று, அன்று காலை அண்ணன் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் வாங்கி வந்து மதினியின் மணிக்கட்டில் கட்டிய கயிறு. இன்னொன்று, ஆஸ்பத்திரி நர்ஸ் கட்டிய நாடா.

சின்னமனூர்ப் பக்கம் எங்களுக்குத் திராட்சைப் பந்தல் உண்டு. குலை வெட்டும் நாட்களில் மதினி இருக்கும் பக்கம்தான் சத்தமாக இருக்கும். "கொழுந்தனாரே, குனிஞ்சு வாங்க. பந்தல் தாழ்வா இல்ல, நீங்கதேன் நெட்டையா வளந்துட்டீக" என்பார். பஸ் கண்டக்டர், திராட்சை வியாபாரி, கோயில் பூசாரி, யாராக இருந்தாலும் மதினியிடம் வாயைக் கொடுத்துத் தப்பியதில்லை. கல்யாணமான புதிதில் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சு அடைத்து, கம்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தோம். பென்சிலின் என்ற பேரை அன்றைக்கு மனதில் ஏற்றிக்கொண்டவர், அதன் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் உட்காருவதற்கு முன்பே அதைத்தான் சொல்வார். பசுவுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டரிடம் கூட, "அய்யா, எனக்குத்தேன் பென்சிலின் ஆகாது, மாட்டுக்குப் போட்டுக்கங்க" என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தார்.

பித்தப்பையில் கல் என்று தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேரை எழுதப் போவதில்லை. நர்ஸிடம் மதினி ஊசி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டினாள். "இதக் கழட்டிறாதீங்கக்கா. இதப் பாத்துத்தான் உள்ள இருக்கவுக தெரிஞ்சுக்கிருவாக" என்றாள். மதினி கையைத் தூக்கி அண்ணனிடம் காட்டினார். "ஆத்தா ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். ரெண்டு காவலு. எமன் எங்குட்டுக்கூடி வருவான்?"

தள்ளுவண்டியில் உள்ளே கொண்டு போனார்கள். கதவு சாத்தின பிறகு, "கயிறு கியிறெல்லாம் வெட்டிரு" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆயாம்மா தட்டோடு வந்தார். நாடாவைப் பார்த்ததும் அண்ணன் கதவைத் தட்டினார். "தாயி, இது ஊசிக்குக் கட்டுன நாடா. இதையும் வெட்டிட்டீகளே!" ஆயாம்மா கையசைத்தார். "சத்தம் போடாதீங்கய்யா. உள்ள எல்லாருக்கும் தெரியும்."

உள்ளே ஒருவருக்கும் தெரியவில்லை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே போடுகிற ஊசியில் பென்சிலின் வகை மருந்து இருந்திருக்கிறது. கல்லை எடுக்கப் போன மதினி கண் விழிக்கவில்லை.

காரியம் முடிந்து நாங்கள் போய் நின்றபோது பெரிய டாக்டர் மின்விசிறியைப் பார்த்தபடி பேசினார். "எங்களால முடிஞ்சதப் பாத்தோம். எல்லாம் ஆண்டவன் செயல்." அண்ணன் நாடாவைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "கையில கண்ட கயிறையும் கட்டிக்கிட்டு வந்தா, எது சாமி கயிறு, எது எங்க நாடான்னு எப்படிய்யா தெரியும்?"

நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகிறவன். அந்த ஆண்டவனை அவர் தன் தப்புக்கு முட்டுக் கொடுக்க இழுத்தது என் நெஞ்சில் இன்னும் எரிகிறது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆபரேஷனுக்கு வருகிறவர் வெறுங்கையோடு வருவாரா? மாரியம்மன் கயிறு இருக்கும், தர்காவில் ஓதிக் கட்டியது இருக்கும், மாதா கோயிலில் கொடுத்தது இருக்கும். உள்ளே போகிறவர்கள் உயிர்ப் பயத்தில் கட்டிக்கொள்வது அது. இதே ஊர்த் தண்ணீரைக் குடித்து, இதே ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதா? ஓர் உயிரை ஒரு முழம் நாடாவில் முடிந்து வைத்ததும் அவர்கள். அதைப் பார்க்காமல் வெட்டியதும் அவர்கள். கதவைத் தட்டிச் சொன்ன மனிதனின் வாயை அடைத்ததும் அவர்கள். பழி மட்டும் அம்மன் மேல்.

அம்மன் தாங்கிக்கொள்வாள். அண்ணனால் முடியவில்லை. "நான் கட்டுன கயிறுதேன்டா அவளக் கொன்னுருச்சு" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர்தான். கோயில் தெருவில் கால் வைப்பதில்லை. திருவிழாவில் மேளம் கேட்டால் திராட்சைப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். நானும் என் மனைவியும் சொல்லாத சமாதானம் இல்லை. படித்த டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை அவருக்குள் ஆணியாக இறங்கிவிட்டது. மதினியைக் கொன்ற தப்பை விட, உயிரோடு இருக்கும் ஒரு மனிதன் மேல் கொலைப்பழியைத் தூக்கி வைத்தார்களே, அதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

இந்த வருஷம் அண்ணனுக்குக் கண்ணில் புரை. வர மாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து இழுத்தார். வலிக்கிறதோ என்று பயந்தேன்.

"ஏலே, வார்டுல கேட்டாக. உள்ள படுக்க வச்ச பெறகும் ஒரு சின்னப்பிள்ள, டாக்டரு, குனிஞ்சு கேக்குது. 'அய்யா, உங்க பேரச் சொல்லுங்க. எந்தக் கண்ணுல ஆபரேஷன்? எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதா?'ன்னு."

"நல்லதுதானண்ணே."

"அவ முழிச்சுக்கிட்டுத்தானடா போனா?" என்றார். கட்டாத கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "கயிறு இல்லாட்டி என்ன, நாடா இல்லாட்டி என்ன? அவளுக்கு வாயி இருந்துச்சுல்ல? மாட்டு டாக்டருக்கே சொன்னவடா அவ!"

இத்தனை காலமும் அழுகையாகவே பார்த்த முகத்தில் அன்றைக்குத்தான் கோபத்தைப் பார்த்தேன். கோயிலில் கூட அப்படி ஒரு நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

கண்கட்டு அவிழ்த்த அன்றே தேனி போகும் பஸ்ஸில் ஏறினோம். பெரிய டாக்டருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. "என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் செய்யல. ஊசிய எடுக்கும்போது எம்பொண்டாட்டி முழிச்சுத்தான இருந்தா. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இப்போது அடையாளம் தெரிந்துவிட்டது. பிறகு மேசை மேல் இருந்த மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கதவைத் திறந்துகொண்டு கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். அண்ணன் நாற்காலியை மேசைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணும் கேக்கட்டும். சொல்லுங்க."