ஆறு பேர் குனிந்து சாப்பிட்ட சஹன்

போன வாரம் கற்பிட்டியில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் நான் சிரித்துவிட்டேன். அதற்காக என் ராத்தா இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. கல்யாணம் அவருடைய மகளுக்கு. பெண்ணின் வாப்பா ஹனீபா மச்சான், கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். வாய்தான் அவருடைய தொழில். அந்த வாய்க்குள் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் இருந்தன.

போன வருஷம் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். பல் குத்தியது என்று மச்சான் மூன்று மாதம் அதைச் சட்டை செய்யவில்லை. கடைசியில் ராத்தா பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். பல் டாக்டர் கொழும்புக்கு அனுப்பினார். புற்றுநோய்.

நாக்கில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, இடது முன்கைத் தோலை இரத்தக் குழாயோடு எடுத்து, புதிதாகப் பாதி நாக்குச் செய்து தைத்தார்கள். கையிலிருந்து நாக்கா? நான் வாயைப் பிளந்தேன். மச்சானுக்கு வேறு கவலை. அவர் கையில் கரடிக்கு இருப்பது போல முடி. பேச முடியாததால், நாக்கிலும் முடி முளைக்குமா என்று டாக்டரிடம் பேப்பரில் எழுதிக் கேட்டார். கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் கொட்டிவிடும் என்றார் டாக்டர். மச்சான் மறுபடி எழுதினார்: ‘கொட்டினால் விழுங்குவதா, துப்புவதா?’

ஆனால், விழுங்குவதுதான் அவருக்குப் பெரிய பாடாகிவிட்டது. நீங்களும் நானும் விழுங்குவதை எப்போதாவது கவனித்திருக்கிறோமா? புது நாக்கு வாய்க்குள் சும்மா கிடக்கும். சோற்றைப் பின்னால் தள்ளத் தெரியாது. தண்ணீர் நுரையீரல் பக்கம் போய்விடும். பல வாரம் மூக்குக் குழாயால்தான் சாப்பாடு. அப்புறம் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒருவர் சிறுபிள்ளைக்குப் போல ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். மூச்சைப் பிடி... தலையைக் குனிந்து நாடியை நெஞ்சுக்குத் தாழ்த்து... விழுங்கு... செருமு... மறுபடி விழுங்கு. தண்ணீரைக்கூட மாவு கலந்து தடிப்பாக்கித்தான் கொடுத்தார்கள். பிளேன்டீயைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்ட மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

சாப்பிடும்போது பேசக் கூடாது. சிரிக்கவே கூடாது. ராத்தா என்னை மேசையிலிருந்து நாடு கடத்தினார்.

“நீ வந்தா இவரு சிரிப்பாரு. சிரிச்சா புரையேறும். வெளிய இரி.”

இப்போது மச்சான் கதைக்கிறார். ‘ர’ மட்டும் இன்னும் திரும்பவில்லை. பாரை மீன் ‘பாயை’ ஆகிவிட்டது. கடற்கரையில் மச்சான் பாய் விற்கிறார் என்று யாரும் நினைக்கவில்லை!

கல்யாணத்தன்று பெண்ணைக் கொடுக்கும் நிக்காஹ் வார்த்தைகளை அவரே சொன்னார். ‘ர’வைத் தவிர எதுவும் பிசகவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம். ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன்... அதில் தான் குனிவதையும் செருமுவதையும் ஊரார் பார்ப்பதா? சமையல் நடந்த குசினிக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தார்.

மாப்பிள்ளையின் வாப்பா மாம்புரியில் தோட்டம் செய்பவர், அதிகம் பேசாதவர். அவரே தேடிப் போனார்.

“பொண்ணு தந்த மனிசன் இல்லாம நான் சஹன்ல கை வைக்க மாட்டேன்.”

வேறு வழி? மச்சான் வந்து என் பக்கத்தில் இருந்தார். சோற்றில் ஆணம் ஊற்றிக் குழைத்து ஒரு வாய் வைத்தார். மூச்சைப் பிடித்தார், குனிந்தார், விழுங்கினார், செருமினார்.

சம்பந்தி கூர்ந்து பார்த்தார். தானும் ஒரு வாய் வைத்தார். குனிந்தார். செருமினார். அவருடைய தம்பியும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் தட்டைச் சுற்றி ஐந்து பெரிய மனிதர்கள், பள்ளிவாசல் மரியாதையோடு, குனிந்து குனிந்து செருமிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் நான். நானும் குனிந்தேன், சிரிப்பை மறைக்க. முடியவில்லை.

என்னைப் பார்த்து மச்சானும் சிரித்தார். வாயில் சோறு.

முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா ஓடி வந்தார். என் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. இந்த மனிதரை இவ்வளவு தூரம் மீட்டு வந்தது, மகளின் கல்யாணத்தன்று நான் கொல்லவா?

மச்சான் ஒரு கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். மிஸ் சொல்லிக்கொடுத்தபடி பலமாக இருமினார். விழுங்கினார். மறுபடி இருமினார். மூச்சு வந்தது.

“போயிட்டு,” என்றார். “நேயான வழியால.”

சம்பந்தி தயங்கித் தயங்கிச் சொன்னார். “குனியிறது ஒங்கட வீட்டு வழக்கமெண்டு நெனச்சேன்.”

மச்சான் அதுவரை வெளியாள் யாரிடமும் தன் நாக்கைப் பற்றிச் சொன்னதில்லை. அன்று சொன்னார், எல்லாவற்றையும். சட்டைக் கையை மடித்து முன்கைத் தழும்பையும் காட்டினார். சம்பந்தி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பத்தை மச்சான் பக்கம் நகர்த்தி வைத்தார். மெத்தென்று இறங்குகிற சாமான். மச்சான் முழுவதையும் முடித்தார்.

வாசகர்களே, ஒரு வேலை. கண்ணாடி முன் போய் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் ஓடுங்கள். இல்லையென்றால் நிம்மதி; யாரைப் பார்த்து நாக்கை நீட்டினாய் என்று வீட்டில் கேட்டால், தாராளமாக என் பெயரைச் சொல்லுங்கள்.