மேட்டுத் தெருத் தண்ணீரும் ஒரு பெருக்கல் பிழையும்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் எழுதிய நிரலைக் கொடுத்தாலும், தப்பு மட்டும் மேலே தங்குகிற மாதிரி சலித்துக் கொடுத்துவிடுவாள் என்பதால் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

கணக்குப் போடும் நிரல்களின் தொகுப்பு ஒன்றைப் பராமரிப்பது அவள் வேலை. லைப்ரரி என்பார்கள். பாலம் கட்டுகிறவர்கள், மழையைக் கணிக்கிறவர்கள், குழாயில் தண்ணீர் விடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் மென்பொருளுக்குள் அதை வைத்துக்கொள்வார்கள். நூற்றுக்கணக்கான சமன்பாடுகளை ஒரே மூச்சில் தீர்த்துத் தரும். ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

குடும்பம் வேறு ஊரில் இருந்தது. கணவர் அங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், நிரந்தர வேலை. மகளுக்குப் பள்ளிக்கூடமும் அங்கேதான். இவளுடைய நிறுவனமோ ஒரு ராத்திரி பஸ் தூரம் தள்ளி. "ஒரு வருஷம்தானே, அதுக்குள்ள மாத்திக்கலாம்" என்றுதான் பேசித் தொடங்கினார்கள். அந்த ஒரு வருஷம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனது. இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது மகள் வாயில் பால் பல். இப்போது அவள் தோழிகளோடு கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கிற வயசுக்கு வந்துவிட்டாள். அந்தக் கோபமெல்லாம் போனில்தான் இவள் காதுக்கு வரும், அதுவும் சமாதானமாகிப் போன பிறகு.

அப்படி இருக்கும்போதுதான், குடும்பம் இருந்த அந்த ஊரின் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒரு புகார் வந்தது.

ஊர் முழுக்க ஓடும் குழாய்களில் எங்கே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, எந்த வால்வை எவ்வளவு திறக்கலாம் என்று சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. அதற்குள் இவர்களுடைய லைப்ரரி. சில நாளாக, கணக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விடை வர வேண்டிய கட்டங்களில் எல்லாம் 'எண் அல்ல' என்று வந்து நிற்கிறதாம். விடை இல்லாவிட்டால் வால்வைக் குத்துமதிப்பாகத்தான் திறக்க வேண்டும். பள்ளத்தில் இருக்கிற தெருக்களுக்குத் தண்ணீர் கொட்டுகிறது. மேட்டுத் தெருக்களுக்கு ஏறுவதில்லை.

அவர்கள் அனுப்பிய விவரங்களை வைத்து இவள் தன் மேஜையில் ஓட்டிப் பார்த்தாள். தப்பே வரவில்லை. மறுபடி ஓட்டினாள். விடை சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

"இங்க வரலைன்னா அங்க போய்த்தான் பாக்கணும். யாரையாவது அனுப்பணுமே" என்று மேலதிகாரி தாடையைச் சொறிந்தார்.

"நான் போறேன் சார்." அவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு நாள்ல முடிச்சிடுவியா?"

"சொல்ல முடியாது சார். ஒரு வாரம்கூட ஆகலாம்." சொல்லும்போதே எதையோ திருடுகிற மாதிரி இருந்தது.

வீடு மேட்டுத் தெருவில், மூன்றாவது மாடி. அவள் போய் இறங்கிய காலையில் கணவர் கீழே லாரியில் பிடித்த தண்ணீரை இரண்டு கையிலும் கேனில் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். பையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு இவள் ஒரு கேனை வாங்கிக்கொண்டாள்.

"இங்கயும் தண்ணி வர்றதில்லையா? போன்ல சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ அங்க இருந்து ஊத்திவிடப் போறியா?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

எதற்காக வந்திருக்கிறாள் என்பதை அவள் விளக்கியதும் படியிலேயே நின்றுவிட்டார். "அப்போ நான் தெனம் கேன் தூக்கறதுக்கு உங்க ஆபீஸ்தான் காரணமா?"

"இன்னும் தெரியாது. இருக்கலாம்."

"நல்ல சம்பந்தம்டா சாமி" என்று சிரித்தபடி மேலே ஏறினார்.

மகள் சீருடையில் தயாராக நின்றிருந்தாள். தலை மட்டும் பின்னவில்லை. "நான் பின்னிவிடறேன் வா" என்று இவள் சீப்பை எடுத்தாள். முடி நன்றாக வளர்ந்திருந்தது, பழைய கணக்குப்படி மூன்று பிரித்தால் கைக்கு அடங்கவில்லை. ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தொளதொளவென்றும் வந்தது. மகள் கண்ணாடியில் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "பரவாயில்லம்மா" என்றாள்.

முகத்தைச் சுளித்திருந்தால், 'போம்மா, உனக்குத் தெரியல' என்று சீப்பைப் பிடுங்கியிருந்தால் இவளுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. பரவாயில்லை என்பது விருந்தாளிகளிடம் சொல்லுகிற வார்த்தை. டம்ளரைத் தட்டிவிட்டவர்களிடம், தெரியாமல் காலை மிதித்துவிட்டவர்களிடம் சொல்லுகிற வார்த்தை. இருவரும் படியிறங்கித் தெருவுக்குப் போனதும், கணவர் அந்தப் பின்னலை ஓசைப்படாமல் அவிழ்த்து மறுபடி போட்டுவிட்டதை மேலே ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

குடிநீர் அலுவலகத்தின் கன்ட்ரோல் ரூம், ஒரு பெரிய தொட்டியின் காலடியில் இருந்தது. உள்ளே எப்போதும் மோட்டார் சத்தம். அங்கே வேலை பார்த்த அக்காவுக்கு அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசிக் குரலே உரத்துப் போயிருந்தது. முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "வாம்மா, உக்காரு. மேட்டுத் தெருக்காரங்க திட்டற திட்டுல எனக்குக் காது புளிச்சிடுச்சு. சீக்கிரம் ஒரு வழி பண்ணு" என்றாள்.

"நானும் மேட்டுத் தெருதான் அக்கா."

"அப்படிப் போடு! அப்போ உனக்கும் சேத்துத்தான் நீ வேலை பாக்கறே."

அந்த அறையில் தப்பு வந்தது. ஆனால் பிடி கொடுக்கவில்லை. காலையில் வரும், மத்தியானம் வராது. இவள் எங்கே என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பதற்காக நடுவில் ஒரு வரி சேர்த்தால், அந்த ஓட்டத்தில் சாதுவாக இருக்கும். வரியை எடுத்துவிட்டால் மறுபடி தலைகாட்டும். இப்படி ஆட்டம் காட்டுகிற பிழைகளை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். கணக்கைப் பாதியாக வெட்டி, முதல் பாதியில் இருக்கிறதா இரண்டாம் பாதியிலா என்று பார்ப்பாள். இருக்கிற பாதியை மறுபடி வெட்டுவாள். அவசரப்பட்டால் கெட்டது.

அவசரப்பட அவளுக்கு ஆசையும் இல்லை. சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது இவள் வேலையாயிற்று. முதல் நாள் இருவருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை. 'இன்னைக்கு என்ன பாடம்?' என்று கேட்டால் 'நிறைய' என்று பதில் வரும். மூன்றாம் நாள், எதுவும் கேட்காமல் சும்மா நடந்தபோது, மகளே தோழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் இன்னொருத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். இன்னும் சமாதானம் ஆகவில்லையாம். ஆறாத சண்டை ஒன்று சூடாக இவள் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வீடு இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

மேலதிகாரி போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். "கெடச்சுதா?"

"பக்கத்துல வந்துட்டேன் சார்."

பக்கத்தில்தான் வந்திருந்தாள். தன் மேஜையில் வராத தப்பு இங்கே ஏன் வருகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்ததில், தனக்கு அனுப்பிய விவரத்துக்கும் இங்கே ஓடுகிற விவரத்துக்கும் ஒரு வித்தியாசம் தென்பட்டது. ஊரில் பதித்திருக்கும் மீட்டர்களில் பல செத்துக் கிடந்தன. செத்த மீட்டரிலிருந்து அளவு வராது. அந்த இடத்தில் கம்ப்யூட்டர் 'எண் அல்ல' என்று குறித்துக்கொள்ளும். அவளுக்கு அனுப்பியபோது, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த வரிகளையெல்லாம் நாகரிகமாக நீக்கிவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

"செத்த மீட்டரை நாங்க கணக்குல சேக்கறதே இல்லையேம்மா" என்றாள் அக்கா. அதுவும் நிஜம். அவற்றை ஓரங்கட்டிவிட்டுத்தான் கணக்கே தொடங்கும். பிறகு எப்படி உள்ளே வருகிறது?

மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா போயிருந்தபோது அது அகப்பட்டது. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் மீட்டர் அளவுகளை வைத்திருந்த இடம் வேலை முடிந்ததும் காலியாகிறது. காலி என்றால் துடைத்த காலி அல்ல, குடியிருந்தவர் போட்டது போட்டபடி விட்டுப் போன வீடு மாதிரி. லைப்ரரி தன் கணக்குக்கு இடம் கேட்கும்போது சில சமயம் அதே இடம் கிடைக்கிறது. அதைச் சுத்தம் செய்ய, லைப்ரரியில் ஒரு வரி, அங்கே இருப்பதையெல்லாம் பூச்சியத்தால் பெருக்குகிறது. பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் பூச்சியம்தானே என்று எழுதிய வரி. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆயிற்று. எண்ணாக இருக்கிறவரை அது சரிதான். எண்ணே அல்லாத ஒன்றைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் ஆகாது, 'எண் அல்ல' என்றே நிற்கும். அதோடு எதைக் கூட்டினாலும் அதுவும் அப்படியே ஆகும். ஒரு கட்டத்தில் நுழைந்தது எல்லாக் கட்டத்துக்கும் தொற்றிக்கொள்ளும்.

பெருக்குவதற்குப் பதிலாக நேரடியாகப் பூச்சியத்தை எழுதிவிட்டால் முடிந்தது. ஒரு வரி. மாற்றினாள், ஓட்டினாள். விடைகள் வந்து வரிசையாக நின்றன. மறுபடி ஓட்டினாள், மீட்டர்களை வேண்டுமென்றே சாகடித்து ஓட்டினாள். நின்றன.

சாதாரணமாக இந்த இடத்தில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றுவாள். அன்றைக்குக் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா வந்து, "என்னம்மா, ஏதாவது தேறுச்சா?" என்றபோது, "இன்னும் கொஞ்சம் சோதிச்சுப் பாக்கணும் அக்கா" என்றாள். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

சாயங்காலம் லாரி வந்தது. கணவரும் இவளும் ஆளுக்கு இரண்டு கேன். மகள் ஒரு சின்ன கேனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இவள் கேனை இறக்கி வைத்து விரல்களை நீவிக்கொண்டாள். மகளின் காலடிச் சத்தம் மேலே போய் மறைந்தது.

"கெடச்சிடுச்சா?" என்றார் கணவர்.

"எப்படித் தெரியும்?"

"எதையாவது கண்டுபிடிச்சா நீ பேச மாட்டே. இன்னைக்கு வந்ததுலேருந்து ஒரு வார்த்தை இல்ல."

அவள் தலையாட்டினாள். அவர் தன் கேன்களையும் இறக்கி வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டார். எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்கிற மனுஷன். போனில் ஒரு நாளும் 'கஷ்டமா இருக்கு' என்று சொன்னதில்லை. இவள் இல்லாமலே இந்த வீடு நன்றாக ஓடுகிறது என்று இவளை நம்ப வைத்ததே அவர்தான்.

"ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி தூக்கறது எனக்கு ஒன்னும் பெரிசில்ல. இன்னும் ஒரு வாரம்னாலும் தூக்குவேன்." அவளைப் பார்க்காமல் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "காலையில அவளைக் கெளப்ப ரெண்டு பேர் கத்தறது நல்லாருக்கு. வீடு மாதிரி இருக்கு."

அந்த இரண்டு நாளைத்தான் அவள் மத்தியானத்திலிருந்து மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய ஆசை மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். அவர் வாய்விட்டுக் கேட்டபோது அது திருட்டு மாதிரியே ஒலித்தது, எடுத்துக்கொள்ள முடியாமல் போனது.

கீழே யாரோ கேனைப் படியில் இடித்து இடித்து ஏற்றும் சத்தம் கேட்டது. முதல் மாடி அம்மாள், முட்டியில் வலி உள்ளவர்.

"அவங்க தூக்கறாங்களே" என்றாள்.

அவர் எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி. நாளைக்குச் சொல்லிடு." பிறகு கீழே இறங்கிப் போய் அந்த அம்மாளின் கேனை வாங்கி அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சொன்னாள். அக்கா, "ஒரு பெருக்கலா இத்தனை நாள் எங்களை அல்லாட விட்டுச்சு?" என்று அறையே அதிரச் சிரித்துவிட்டு, டீ வாங்கி வரச் சொன்னாள். மேலதிகாரி, "சபாஷ், நாளைக்கே கெளம்பி வந்துடு" என்றார். பஸ் நிலையத்துக்கு மகள் வந்தாள். கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் அழவில்லை. அப்பாவோடு திரும்பிப் போகும்போது தோழியைப் பற்றி ஏதோ ஞாபகம் வந்து ஓடி வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று, "அவ பேசிட்டாம்மா!" என்று கத்தினாள். பஸ் நகர்ந்துவிட்டது. என்ன பேசினாள், எப்படிச் சமாதானமானது என்பதெல்லாம் இனி போனில்தான்.

அந்தச் சனிக்கிழமை, இவள் அலுவலகத்தில் இருந்தபோது கணவர் கூப்பிட்டார். ஒன்றும் பேசாமல் போனைக் குளியலறைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். முதலில் காற்றுச் சத்தம், பிறகு இருமல் மாதிரி ஒன்று, பிறகு வாளியின் அடியில் தண்ணீர் மொத்தென்று விழுகிற சத்தம். பின்னால் மகள், "அப்பா, நெறைஞ்சிடுச்சு, மூடுங்க, வீணாப் போகுது!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த அதட்டலில் ஒரு இடம் தனக்கும் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது.

போனை வைத்துவிட்டு நேராக மேலதிகாரி அறைக்குப் போனாள். லைப்ரரி வேலையை அந்த ஊரிலிருந்தே செய்ய முடியும், மாதம் ஒருமுறை இங்கே வந்துபோகிறேன் என்று கேட்டாள். இத்தனை காலமும் நினைத்து நினைத்து விழுங்கிய வார்த்தைகள். அவர் ஏதோ ஒரு தாளைத் தேடுகிற மாதிரி மேஜையைத் துழாவினார்.

"நீ இல்லாம இங்க கஷ்டம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

முன்பென்றால் "சரி சார்" என்று வந்திருப்பாள். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த வருஷம்னா எந்த மாசம் சார்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை நோக்கி அவர் கண் போயிற்று. அவர் ஒரு மாதத்தைச் சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.