அக்குளில் ஒரு கட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பக் குளித்துக்கொண்டிருந்தேன். இடது அக்குளில் சோப்பு போட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. அழுத்தினால் வலித்தது. பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடத் தோன்றாமல் நின்றேன்.

நான் செராமிக் கம்பெனியில் பொம்மைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறைத் தேய்த்து வழவழப்பாக்குகிறவள். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த அக்காவுக்கும் இப்படித்தான் அக்குளில் ஆரம்பித்தது. மார்பில் புற்று என்று தெரிவதற்குள் முற்றிவிட்டது. போன வருடம்தான் அடக்கம் செய்தோம்.

கோயிலில் ஃபாதரின் பிரசங்கம் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

"என்னா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

"தலவலிங்க."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். கூட்டம். நர்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். லேப்பில் இருந்த பெண் சீட்டை நீட்டும்போது, "வெள்ளையணு ஏறியிருக்குதுக்கா, டாக்டருகிட்ட காட்டிடுங்க" என்றாள்.

வெள்ளையணு ஏறினால் ரத்தப் புற்று என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போன் செய்ததும் வீட்டுக்காரர் ஓடிவந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"நேத்தே சொல்லக் கூடாதா?" சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு என்னை அழைத்துப்போனார்.

டாக்டரம்மா அக்குளையும் மார்பையும் அழுத்திப் பார்த்தார். பிறகு, "இடது கையக் காட்டுங்க" என்றார். மோதிர விரலில் பிளாஸ்திரி.

"இது என்ன?"

"ஒடஞ்ச பொம்மையோட சில்லு கீறிடிச்சுங்க. ஒண்ணுமில்லங்க."

பிரித்தார். நகத்தோரம் சிவந்து வீங்கியிருந்தது. அழுத்தியதும் சீழ் வந்தது.

"இதாம்மா காரணம். கையில பூந்த கிருமி அக்குள்ல இருக்கிற நிணநீர் முடிச்சுக்குப் போவுது. அங்க வெள்ளையணுங்க இருக்குது. கிருமிய அடையாளம் கண்டுட்டா அதுங்க பெருகும், அத அழிக்கும். முடிச்சு வீங்கத்தான செய்யும்? ரத்தத்துலயும் அதான் ஏறியிருக்குது. கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டுதுல்ல? அதேதான்."

நெறிகட்டு! சின்ன வயதிலிருந்து தெரிந்த சொல். கைப்புண்ணுக்கு அக்குளிலும் கட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

அவர் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "இந்தச் சீழ்லயும் பாதி, கிருமியோட சண்ட போட்டுச் செத்த வெள்ளையணுதான்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு நாளாக அருவருப்போடு துடைத்துப் போட்டது இதைத்தானா? எனக்குள்ளே இவ்வளவு நடந்திருக்கிறது. நானோ உட்கார்ந்து பொம்மை தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப அந்தக் கட்டி..." என்று இழுத்தார் வீட்டுக்காரர்.

"மார்ல ஒண்ணும் தட்டுப்படல. மாத்திரைய நிறுத்தாம சாப்புடணும். ரெண்டு வாரத்துல கட்டி கொறையலன்னா ஸ்கேன் எடுத்துடலாம்."

ஒரு வாரத்தில் விரல் ஆறியது. கட்டி உடனே போகவில்லை. தினமும் குளிக்கும்போது முதலில் அக்குளைத்தான் தடவிப் பார்ப்பேன். பட்டாணியானது, துவரம்பருப்பானது. ஒரு நாள் தேடினேன், இல்லை. நம்ப முடியாமல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன்.

"இல்ல... இல்லவே இல்ல" என்றவர், அப்படியே கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.