ஆனோடில் வந்தது ஆக்சிஜன் இல்லை

கீர்த்தனாவின் அப்பா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றபோது நான் தொடர்ந்து ஐந்து பீரியட் முடித்து உட்கார்ந்திருந்தேன். கால் வலி. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அவர் தில்லி ஜனக்புரியில் வங்கி குமாஸ்தா. அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். பக்கத்தில் மகள், பத்தாம் வகுப்பு.

காரணம் எனக்குத் தெரியும். பொதுத் தேர்வுக்கு முன் நடக்கும் ப்ரீ போர்டு மார்க்கை வைத்துத்தான் எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் பிரிவு ஒதுக்குவார்கள். அன்று காலை பட்டியல் ஒட்டியிருந்தார்கள். சயின்ஸுக்கு இரண்டு மார்க் குறைந்து கீர்த்தனாவைக் காமர்ஸில் போட்டிருந்தார்கள். லேப் தேர்வில் நான் அவளுக்குப் பத்துக்கு நாலு கொடுத்திருந்தேன். மற்ற முப்பத்தெட்டு பேருக்கும் பத்துக்குப் பத்து.

தேர்வு, தண்ணீரின் மின்னாற்பகுப்பு. பிளாஸ்டிக் மக்கின் அடியில் இரண்டு கார்பன் ராடு, மேலே தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த இரண்டு டெஸ்ட் ட்யூப், ஆறு வோல்ட் பேட்டரி. தண்ணீரில் சில சொட்டு நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட் விட வேண்டும், இல்லாவிட்டால் கரன்ட் போகாது. கேத்தோடில் ஹைட்ரஜன், ஆனோடில் ஆக்சிஜன், இரண்டுக்கு ஒன்று. கீர்த்தனா மட்டும் வேறு எழுதியிருந்தாள். ஆனோடு பக்கம் பிளீச்சிங் பவுடர் வாசனை, வாயு பாதிகூட இல்லை, கனலும் குச்சியைக் காட்டினால் எரியவில்லை. சிவப்பு மையால் மூன்றையும் அடித்திருந்தேன்.

"எம்பொண்ணு பாத்ததத்தான் எழுதுனேன்னு அழுகுறா மேடம்," என்றார் அவர். "எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. பாத்தத எழுதுனா மார்க் கொறையுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"பாத்தது தப்புன்னா குறையத்தான் செய்யும் சார்."

அதற்கு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "மேம், பையா தண்ணில நமக் போட்டாரு. நான் பாத்தேன். சொல்ல வந்தேன். டைம் இல்ல, ஜல்தி எழுதுன்னு சொல்லிட்டீங்க."

பையா என்று அவள் சொன்னது லேப் உதவியாளரை. நமக் என்றால் உப்பு. உப்புத் தண்ணீரில் கரன்ட் போகும், ஆனால் ஆனோடில் வருவது குளோரின். அது கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்துவிடும். வாசனை, அளவு, குச்சி, அவள் எழுதிய மூன்றும் சரி.

லேப் பையா சொன்னது

லேப் உதவியாளர் சுரேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. ஆசிட் பாட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. எடுக்க ரெஜிஸ்டரில் பிரின்சிபால் கையெழுத்து வேண்டும், அதற்கு இரண்டு நாள் ஆகும். அதனால் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பத்து வருஷமாக உப்புதான் போடுகிறாராம். திட்டினேன். "ஆப்னே கபி பூச்சா ஹீ நஹீ, மேடம்," என்றார். நீங்கள் ஒரு நாளும் கேட்டதே இல்லையே என்கிறார். உண்மைதான்.

எங்கள் வழக்கம் இது. பீரியடின் முதல் பத்து நிமிஷத்தில் கவனித்தவை என்ற தலைப்பில் எல்லாவற்றையும் போர்டில் எழுதிவிடுவேன். பிள்ளைகள் ரெக்கார்டில் காப்பி எடுப்பார்கள். அதன் பிறகுதான் பேட்டரியை இணைப்பார்கள். ஒரு ட்யூபில் நிறைய வாயு, இன்னொன்றில் கொஞ்சம், அது போதும். குச்சி காட்ட நேரம் இருக்காது. தேர்விலும் போர்டில் பார்த்ததையே எழுதுவார்கள். நான் மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். அந்த லேபில் எனக்குத் தொண்டை எரியும். அது குளோரின் என்று தோன்றாமல், தில்லிக் காற்று என்று நினைத்து ஜன்னலைச் சாத்தச் சொல்வேன். கெமிஸ்ட்ரி படித்தவள் செய்த காரியம் அது.

பிரின்சிபால் அறையில்

பிரின்சிபாலுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "ரெண்டு மார்க் கிரேஸ் போட்டு அந்தப் பொண்ண சயின்ஸ்ல சேத்துடுங்க. மத்தவங்க பேப்பர எதுக்குத் தொடறீங்க?"

"அவ எழுதினது சரின்னா மத்த முப்பத்தெட்டும் தப்பு சார். தப்புக்கு நான் ஃபுல் மார்க் போட்டிருக்கேன்."

அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் மறுதேர்வுக்குச் சம்மதித்தார். பெற்றோர் வந்து கத்தினால் தன் அறைக்கு அனுப்பக் கூடாது என்று நிபந்தனை போட்டார்.

இந்த முறை மூன்று கரைசல் வைத்தேன். உப்புத் தண்ணீர், ஆசிட் விட்ட தண்ணீர், காப்பர் சல்ஃபேட். சீட்டு எடுத்து, அதில் வந்ததைச் செய்ய வேண்டும். போர்டில் ஒன்றும் எழுதவில்லை. கீர்த்தனாவுக்கு ஆசிட் வந்தது. ஆக்சிஜன் பாதிக்கும் கொஞ்சம் குறைவு, ஏன் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். கார்பன் ராடே கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று ஓரத்தில் குறித்துப் பத்து போட்டேன். அவள் சயின்ஸில் சேர்ந்தாள்.

பலருக்கு மார்க் குறைந்தது. ஒருவனுக்குத்தான் சயின்ஸில் இடமே போயிற்று, ரோஹித். சீட்டில் அவனுக்குக் காப்பர் சல்ஃபேட் வந்தது. கேத்தோடு ராடு கண்ணெதிரே செம்பு பூசிச் சிவந்துவிட்டது, அங்கே வாயுவே வரவில்லை. அவன் ஹைட்ரஜன், இரண்டு மடங்கு என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

அவன் அம்மா எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர் பிளாக். பள்ளிக்கு வரவில்லை. பால் பூத் வரிசையில் எல்லோர் முன்பும் கேட்டாள். "நீங்க போர்டுல எழுதிப் போட்டதத்தானே மேடம் எழுதினான்? ரெண்டு வருஷமா அப்படித்தானே பழக்கினீங்க? இப்ப மட்டும் கண்ணால பாருன்னா அவன் எப்படிப் பாப்பான்?"

அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ரோஹித்துக்கு ஒரு இடம் கேட்டுப் பிரின்சிபாலிடம் இரண்டு முறை போனேன். பட்டியல் மூடியாயிற்று என்றார். ஒரு பெண்ணுக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்யப் போய், நான் கெடுத்த பையனிடமே அதற்கான விலையை வாங்கினேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சிலபஸ் முடியாது, நேரம் இருக்காது, பிரின்சிபால் கையெழுத்து வராது, எல்லாம் உண்மை. இருந்தாலும் பேட்டரியை இணைக்கும் முன்பு விடையைப் போர்டில் எழுதாதீர்கள். எழுதிப் பழக்கிவிட்டீர்கள் என்றால், பிள்ளைகள் பார்க்கவில்லை என்று பிறகு மார்க்கில் கை வைக்காதீர்கள். பார்க்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான்.