அண்ணாச்சி சொன்ன ஐந்தாம் பாகம்

அட்டையில் ஒரு வெள்ளைக்காரி, இடுப்பு இறுகிய நீண்ட கவுனோடு, செம்பு பாய்லர் ஒன்றின்மேல் ஒரு காலைத் தூக்கிவைத்து நின்றாள். பின்னால் லண்டன் ஆகாயத்தில் புகை விட்டபடி கப்பல்கள் பறந்தன. சௌந்தரபாண்டியன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏட்டி, இதுல சேஃப்டி வால்வு எங்க?"

"அப்பா, அது கதைப் புஸ்தகம்."

"கதைன்னா வெடிக்காதா?"

மகள் பாண்டிசெல்வி சிரித்துவிட்டாள். அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் கருவியியல் இன்ஜினீயர். பொங்கல் லீவுக்கு வரும்போது ரயிலில் படிக்கக் கொண்டுவந்த புத்தகம் அது. திரும்பிப் போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். நாலு வாரம் கழித்து அப்பா போன் செய்தார்.

"ரெண்டாம் பாகம் இருக்காம்லா. வாங்கி அனுப்பு."

சௌந்தரபாண்டியன் கதைப் புத்தகம் படிக்கிறவர் அல்ல. வ. புதுப்பட்டியில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்து, ஐடிஐ முடித்து, பாய்லர் அட்டெண்டன்ட் பரீட்சையை இரண்டாவது முயற்சியில் தேறியவர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஒரே பாய்லரைப் பார்த்துக்கொண்டார். முதல் ஷிப்டு. விடிகாலை ஐந்தே காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறுவார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பாய்லர் சட்டப் புத்தகத்தின் ஆங்கிலம். நீராவி, அழுத்தம், சோதனை, தண்டனை எல்லாம் தெரியும். காதல் சம்பந்தமாக ஒரு சொல்லும் தெரியாது. அதற்கு டிக்‌ஷனரி வாங்கினார்.

தொடரின் கதை இதுதான். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன். ஆனால் எல்லாமே நீராவியில் ஓடுகிறது, வண்டி, கப்பல், சமையல்கட்டு உட்பட. செத்துப்போன குமாஸ்தாக்கள் பேயாக வந்து தபால் ஆபீசில் வேலையைத் தொடர்கிறார்கள். எட்வினா என்கிற பெண் பாய்லர் இன்ஸ்பெக்டர். வாய்த்துடுக்குக்காரி. அவளைச் சுற்றிச் சுற்றி வருகிற கேப்டன் ரோலண்டுக்கு ஒரு சாபம். அமாவாசை அன்று மட்டும் உடம்பு கரைந்து மூடுபனியாகிவிடுவான். இருவரும் ஐந்து பாகமாகச் சண்டை போடுகிறார்கள். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை.

"ஒரு கையுறையக் கழட்டுததுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கா அந்தம்மா," என்று போனில் முறையிட்டார். "பாய்லர் பத்த வைக்கதுக்கு மூணே வரி."

"பிடிக்கலன்னா விட்டுருங்க."

"பிடிக்கலன்னு யாரு சொன்னா?"

கேப்டன் முதல்முறை கல்யாணப் பேச்சை எடுக்கும்போது, 'உங்கள் அழுத்தம் அனுமதித்த அளவைத் தாண்டுகிறது, ஓரடி தள்ளி நில்லுங்கள்' என்பாள் எட்வினா. அதைப் படித்துவிட்டு ஓடுகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்திருக்கிறார். கண்டக்டர் வந்து, "என்னண்ணே, உடம்புக்கு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டாராம்.

படிப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பாய்லர்காரர்கள் மணிக்கு ஒருதரம் லாக் ஷீட்டில் அழுத்தம், தண்ணீர் மட்டம் எழுதவேண்டும். பக்கத்தில் நேரமும் போடவேண்டும். சௌந்தரபாண்டியன் முப்பத்தொரு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. ஒருதரம் அழுத்தம் வரம்பு தாண்டியபோது அதையும் அப்படியே எழுதி, தாளைத் தானே கொண்டுபோய்க் காட்டி மேனேஜரிடம் திட்டு வாங்கினார். அந்தக் கை புத்தகத்திலும் சும்மா இருக்கவில்லை. ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதினார். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம். 'இந்த பம்ப் இம்புட்டு உயரம் ஏத்தாது. 3.2., 5.40.' 'கேப்டன் பொய் சொல்லுதான். 9.2., 5.35.' 'உண்மையச் சொல்லிட்டான். நல்லது. 9.2., 5.50.'

பஸ்ஸில் சிரித்தவர் ஆலையிலும் சிரித்தார். பாய்லர் ரூமுக்கு அடுத்தது துணி மடிக்கிற ஷெட். அங்கே ஏழெட்டுப் பெண்கள். அதில் முனீஸ்வரி என்பவளுக்கு யார் சிரித்தாலும் காரணம் தெரிந்தாக வேண்டும்.

"என்னண்ணாச்சி, நீங்களா சிரிச்சுக்கிடுதிய?"

சொன்னார். மறுநாள், "பொறவு என்னாச்சு?" என்று வந்து நின்றாள். ஒரு மாதத்தில் மொத்த ஷெட்டும் பத்தரை மணி டீயோடு பாய்லர் ரூம் வாசலுக்கு வந்தது. பாய்லர் எரியும்போது அட்டெண்டன்ட் இடத்தை விட்டு நகரக் கூடாது. அதனால் கேட்கிறவர்கள்தான் வரவேண்டும். எட்வினா என்ற பேர் அவர்கள் வாயில் நிற்கவில்லை, துரைசானி என்றார்கள். கேப்டன் கேப்டனாகவே இருந்தான்.

"வெள்ளைக்காரனா இருந்தாலும் அமாவாசை பாக்குதான் பாரேன்," என்றாள் முனீஸ்வரி.

"அவன் எங்க பாக்கான்? அமாவாசைதான் அவனப் பாக்கு," என்றாள் வேலுத்தாய்.

வேலுத்தாய் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவள் புருஷன் சிவகாசிப் பக்கம் பட்டாசு செய்கிற ஒரு வெடி ஆபீசில் வேலை பார்த்தவன். ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் மத்தியானம் அங்கே விபத்து. வீட்டுக்கு மூடிய பெட்டிதான் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் மடிப்பு ஷெட்டுக்கு வேலைக்கு வந்தாள். துரைசானி கேப்டனை மட்டம் தட்டும் இடங்களில் எல்லாருக்கும் முன்னால் சிரிக்கிறவள் அவள்தான் என்று அப்பா போனில் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில், நடுக்கடலுக்கு மேலே பறக்கும் கப்பலில், கேப்டன் பக்கத்தில் நிற்கும்போது பாய்லர் வெடிக்கிறது. அதோடு பாகம் முடிகிறது.

அன்று பத்தரை மணிக்கு அவர் அதைச் சொன்னபோது வாசலில் யாரும் டீயைக் குடிக்கவில்லை. வேலுத்தாய்தான் கேட்டாள்.

"ஆள் போயிட்டானா, அண்ணாச்சி?"

"போகல," என்றார் சௌந்தரபாண்டியன். "போகவே முடியாது. பாய்லர் வயித்துல ஃபியூசிபிள் பிளக்குன்னு ஒண்ணு உண்டு. நடுவுல ஈயம். தண்ணி கொறஞ்சா ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியா நீராவி எறங்கி நெருப்ப அணைச்சிரும். பத்தாம் அத்தியாயத்துல துரைசானியே புது பிளக்கு மாட்டியிருக்கா. பொறவு எப்படி வெடிக்கும்? எழுதுன அம்மா எதையோ மறைக்கா. அடுத்த பாகத்துல வருவான் பாருங்க. நான் சொல்லுதேன்."

அவர் சொன்னால் சரியாக இருக்கும். பெண்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ஓசூருக்குப் போன் வந்தது.

"ஏட்டி, ஆறாம் பாகம் எப்ப வரும்?"

"ஏப்ரல்ப்பா."

"அம்புட்டு நாளா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஆளப் பத்தித் தெரியணும்."

அது நவம்பர். மார்ச் ஒன்பதாம் தேதி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, சௌந்தரபாண்டியன் இறந்துபோனார். மாரடைப்பு. வயது ஐம்பத்தெட்டு.

துஷ்டி கேட்க வந்த மடிப்பு ஷெட் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். கிளம்பும்போது முனீஸ்வரி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, ஆறாம் பாகம் வந்தா நீ வந்து சொல்லணும். புது பிளக்கு இருக்கு, வெடிக்காது, கேப்டன் வருவான்னு வேலுத்தாய் கேட்டதுக்கு அண்ணாச்சி வாக்குக் குடுத்திருக்காக."

செல்வி சரி என்றாள்.

புத்தகம் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி கூரியரில் வந்தது. முதல் அத்தியாயத்தின் தலைப்பே இறுதிச் சடங்கு. கேப்டன் ரோலண்ட் இறந்துவிட்டான். செல்வி நாற்பத்திரண்டு அத்தியாயமும் படித்துப் பார்த்தாள். அவன் வரவில்லை. பேயாகக்கூட வரவில்லை.

அப்பா தப்பாகச் சொன்னதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. லீவு போட்டு ஊருக்கு வந்து ஐந்தாம் பாகத்தை எடுத்தாள். புது பிளக் இருக்கும்போது பாய்லர் எப்படி வெடிக்கும்? எழுதியவள் பிழை செய்திருக்கிறாள் என்று நிரூபித்தால் போதும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழவில்லை. பக்கம் பக்கமாக பாய்லர் சம்பந்தப்பட்ட வரிகளைத் தேடினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கப்பல் கடல் தண்ணீர் பிடிக்கிறது. கடைசிப் பக்கம் வந்தாள். ஓரத்தில் பென்சில்.

'பக்கம் 112. கடல் தண்ணி. மூணு வாரம். பிளோடவுன் பண்ணி உப்புத் தண்ணிய வெளிய விடல. பிளக்கு மேல உப்புப் பத்துப் பிடிச்சிருக்கும். ஈயம் உருகுனாலும் ஓட்டை திறக்காது. வெடிக்கும். ஆள் தப்ப முடியாது. 14.11., 5.45.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கணக்கு சரி. பிழை எங்கேயும் இல்லை.

பிறகுதான் நேரத்தைப் பார்த்தாள். ஐந்தே முக்கால். பஸ்ஸில் வரும்போதே எழுதியிருக்கிறார். பெண்களிடம் சொன்னது அன்றைக்குப் பத்தரைக்கு. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்துக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான், வேலுத்தாய் கேட்டதும், போகல என்றிருக்கிறார். நவம்பரிலிருந்து மார்ச் வரை அவர் காத்திருந்தது ஒரே காரியத்துக்காக. எழுதுகிறவள் எதையாவது செய்து அந்த ஆளைப் பிழைக்கவைத்து, தன் பொய்யை மெய்யாக்கிவிட மாட்டாளா என்று.

மறுநாள் செல்வி ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள். அப்பா ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் காப்பாற்றுவதா, உடைப்பதா? கேப்டன் வந்துவிட்டான், கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆங்கிலம் படிக்கிறவர்கள் அங்கே யாருமில்லை. ஆலை வாசலில் இறங்கும்வரை அவள் முடிவு செய்யவில்லை.

பாய்லரை இப்போது சிவபாண்டி என்பவர் பார்க்கிறார். டீ டம்ளரோடு பெண்கள் வழக்கமான இடத்தில் நின்றார்கள். செல்வி ஆறாம் பாகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். கூடவே ஐந்தாம் பாகமும் வந்தது.

"கேப்டன் வந்தானா?" என்றாள் முனீஸ்வரி.

செல்விக்குப் பொய் வரவில்லை. "வரல அக்கா. செத்துட்டான்."

"அதெப்படி? வெடிக்காதுன்னு அண்ணாச்சி சொன்னாகள்லா?"

"எழுதினவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"அந்தம்மா என்னைக்காச்சும் பாய்லர் பாத்திருக்கா? அண்ணாச்சி முப்பத்தோரு வருசம் பாத்தவக. புஸ்தகம்தான் தப்பு. அன்னைக்கு அமாவாசையா இருந்திருக்கும். ஆள் பனியாப் போயிருப்பான்."

"பௌர்ணமி அக்கா. போட்டிருக்கு."

"வெள்ளைக்காரன் பஞ்சாங்கத்த யாரு நம்புவா?" என்றாள் முனீஸ்வரி. சுற்றி நின்றவர்களும் தலையை ஆட்டினார்கள். ஒருத்திகூட அண்ணாச்சியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

செல்வி ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பென்சில் எழுத்தைப் படித்தாள். தேதியையும் நேரத்தையும் சேர்த்தே படித்தாள். முனீஸ்வரி எட்டி அந்த எழுத்தைப் பார்த்தாள். பாய்லர் இரைந்துகொண்டிருந்தது.

"அப்பாவுக்கு முன்னாலயே தெரியும்," என்றாள் செல்வி. வேலுத்தாயைப் பார்க்க முடியாமல் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். "தெரிஞ்சுதான் சொல்லியிருக்காங்க. மன்னிச்சிருங்க அத்தை."

"எனக்குத் தெரியும், தாயி," என்றாள் வேலுத்தாய்.

"எப்படி?"

"கதை சொல்லுதப்ப அவிய கண்ணு எப்பவும் அந்தத் தண்ணி மட்டம் காட்டுத குழாய்லதான் இருக்கும். நம்ம பக்கமே திரும்ப மாட்டாக. அன்னைக்கு மட்டும் என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாக. பிளக்கு, ஈயம்னு அம்புட்டு நேரம் வெளக்கம் வேற. எனக்கு வெடிச் சத்தம் தெரியாதா? ஆனா எனக்காண்டி ஒரு மனுசன் பொய் சொல்லிக்கிட்டு நிக்காரேன்னு இருந்துச்சு. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

செல்வி பாய்லர் ரூம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா இறந்த அன்று வராத அழுகை வந்தது. சிவபாண்டி ஒரு டம்ளர் டீயை நீட்டினார்.

வேலுத்தாய் அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். "பொட்டிய மூடித்தான் குடுத்தாகளா, துரைசானிக்கு?"

"ஆமா அத்தை."

"பொறவு அவ என்ன செஞ்சா? அதச் சொல்லு."

செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினாள். "ஒரு வாரம் யார்கூடயும் பேசல. எட்டாம் நாள் தபால் ஆபீஸ் பேய் ஒண்ணு வந்து கதவத் தட்டுது. மகாராணியோட கப்பல்ல பாய்லர் சோதிக்கணும்னு உத்தரவு. 'நான் துக்கத்துல இருக்கேன்'ங்கா. 'நான் செத்தே இருபது வருசமாச்சு அம்மணி, ஒருநாள் லீவு குடுக்கல'ங்கு பேய்."

வேலுத்தாய்தான் முதலில் சிரித்தாள்.

"போறாளா?"

"போறா. கறுப்புக் கவுனோட. அங்க சீஃப் இன்ஜினீயருக்குப் பெரிய மீசை. 'மீசைக்கு எண்ணெய் போட்ட நேரத்துல வால்வுக்குப் போட்டிருக்கலாமே'ன்னு கேக்கா."

"நம்ம சோலைச்சாமி சூப்பர்வைசரு," என்றாள் முனீஸ்வரி. அதற்குள் மணி அடித்துவிட்டது. யாரும் நகரவில்லை.

"உனக்கு எத்தன நாள் லீவு?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"புதன் வரைக்கும்."

"மொத்தம் எத்தன அத்தியாயம்?"

"நாப்பத்திரெண்டு."

"அம்புட்டுக்கும் நாள் காணாதே."

"மிச்சத்த போன்ல சொல்லுதேன் அத்தை. தினம் பத்தரைக்கு. ஸ்பீக்கர்ல போட்டுக்கோங்க."

"இந்த இரைச்சல்ல எங்க கேக்கும்? ஷெட்டுல வச்சுத்தான் கேக்கணும். அங்க சோலைச்சாமி விடமாட்டாரே."

"அவரையும் உக்காந்து கேக்கச் சொல்லுங்க," என்றாள் செல்வி. "மீசைய மட்டும் விட்டுட்டுச் சொல்லுதேன்."

"மீசைய விடாத," என்றாள் முனீஸ்வரி, டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே. "அதுக்குத்தான் நாங்க வாரோம்."