அழிஞ்சதா, அழிச்சதா

ஜங்ஷன் ரோட்டில் கடை. பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்க்க என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் பீங்கான் பொம்மை யூனிட்டில் பிசிறு எடுத்தேன். அச்சிலிருந்து வரும் பொம்மையில் விரலுக்குத் தட்டுப்படுகிற எதையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அதுதான் வேலை. சனியன் பிடித்த விரல், இன்னும் அதை மறக்கவில்லை.

நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அவருடைய பூட்டனார் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி, குழல் வாயில் மருந்து போட்டு இடிக்கிற வகை. அப்பா இறந்தபின் பரணில் கிடந்து துரு ஏறியிருந்தது. லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டிருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கியைக் காட்டி, குழலில் பொறித்திருக்கிற நம்பரைச் சரிபார்க்க வேண்டும்.

"சுடுறதுக்கெல்லாம் இல்லிங்கண்ணா. எங்கப்பா வாராவாரம் எண்ணெ போட்டுத் தொடைப்பாரு. அது வூட்ல இருந்தா அவரே இருக்கிற மாதிரி இருக்குது" என்றார்.

நாலு நாள் உட்கார்ந்தேன். விசையை அழுத்தினால் விழுகிற குதிரை இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து அசைத்தேன். கட்டையின் விரிசலை ஒட்டினேன். கடைசியாகக் குழலுக்கு உப்புத்தாள். அடிப்பக்கம் விரலில் ஏதோ தட்டியது. யோசிக்கவே இல்லை, தேய்த்தேன். வழவழப்பானபின்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அது நம்பர் இருந்த இடம். துப்பாக்கி வந்த அன்று லைசென்ஸோடு நானே ஒத்துப்பார்த்த நம்பர், ஒரு கோடுகூட மிச்சமில்லை.

டீச்சரிடம் சொல்லவில்லை. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஸ்டேஷன் ரைட்டர் குனிந்து பார்த்தார். இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நம்பர் தானா அழிஞ்சதா, நீங்க அழிச்சதா? ஒழுங்கா சொல்லுங்க. நீங்க அழிச்சதுன்னா, இன்ன நம்பர் இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. துப்பாக்கி இந்தம்மாவுக்குப் போவும், ஒங்க லைசென்ஸ் நிக்காது. தானா அழிஞ்சதுன்னா, இது அவங்கப்பாதுன்னு எத வச்சு நம்புறது? இங்கியே கெடக்க வேண்டியதுதான்."

இந்த வயசில் மறுபடியும் யூனிட் வாசலில் போய் நிற்பதா என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புதான்.

"எங்கிட்ட வரும்போதே அழிஞ்சிருந்துச்சுங்க" என்றேன்.

ரைட்டர் எழுதிக்கொண்டார். டீச்சரின் முகம் சுண்டிப்போனது. அவர் என்மேல் பாய்வார் என்று காத்திருந்தேன். பாய்ந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் எழுந்து வந்து, தன் வீட்டு ஆள் செய்த தப்புக்காகப் பேசுகிறவர்போல, ரைட்டரிடம் மெதுவாகச் சொன்னார்.

"எங்கப்பாதாங்க அழுத்தி அழுத்தித் தொடைச்சிருப்பாரு. அவருக்குத் தெரியலிங்க."