முதல் மூட்டைக் கூலி

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் கடத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. புளி சீசன் வந்துவிட்டால் எங்கள் தெருவில் காலையிலிருந்தே டொக் டொக்கென்று சத்தம்தான். மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாகப் புளி வந்து இறங்கும். பெண்கள் வாசலில் உட்கார்ந்து, தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கையும் காலும் அவள் பேச்சைக் கேட்காது. வாய்ப்பேச்சும் ஓரிரு சொல்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று அரூரில் ஒரு சின்னப் பள்ளி இருக்கிறது. அங்கே கொடுத்த பயிற்சியில் கரண்டியைப் பிடித்துத் தானே சாப்பிடப் பழகியிருந்தாள். பாதிச் சோறு மடியில்தான் விழும். ஆனாலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், அதற்கே வயிறு நிறைந்துவிடும்.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளி வேன் படுத்துவிட்டது. இன்ஜினையே மாற்ற வேண்டுமாம். பள்ளியை நடத்தும் அம்மா எல்லா வீட்டுக்கும் போன் செய்து, பாதிப் பணம் புரட்டிவிட்டேன், மீதிக்கு வழி தெரியவில்லை என்றார். என் கணவருக்கு பெங்களூரில் கட்டட வேலை. நானே மகளை இடுப்பில் சுமந்து பஸ்ஸில் கொண்டுபோய்ப் பார்த்தேன். சில நாளிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் அவள் விரல்கள் பழையபடி மடங்கி இறுக ஆரம்பித்தன. கரண்டி நழுவி விழும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இவளுக்கு இவ்வளவுதான் விதி என்று மனசு விட்டுப்போனது.

எதிர்வீட்டு அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சீசனில் முதல் மூட்டைக்குக் கிடைக்கும் கூலியை யாரும் வீட்டுச் செலவுக்குத் தொட மாட்டார்கள். மஞ்சள் துணியில் முடிந்து வைத்து, மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வருடம் அதை வேனுக்குக் கொடுப்பது என்று அக்கா தெருவையே பேசி முடித்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். "சாமி காசாச்சே" என்று யாரோ தயங்கியதற்கு, "ஆத்தா நடந்தே வருவா. இந்தப் புள்ளைங்களுக்குத்தான் வண்டி வேணும்" என்றாராம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எம் புள்ளையக் காட்டிப் பிச்சை எடுக்கச் சொல்லி நான் கேட்டனாக்கா?" என்று அவர் வாசலில் நின்று கத்தினேன். அக்கா தட்டுவதை நிறுத்தவே இல்லை.

"உனக்கு யாரு குடுத்தா? வண்டிக்குக் குடுக்கறோம். அதுல உம் புள்ள ஏறுனா ஏறட்டும், இல்லாட்டி வூட்டுலயே வச்சுக்க. சும்மா நிக்காத, அந்தக் கட்டைய எடுத்துக்கிட்டு உக்காரு."

போய் மகளைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, நானும் உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வேடிக்கை. எங்கள் ஊர் ஆண்கள் மரமேறிப் புளி உலுக்குவார்கள், மூட்டை தூக்குவார்கள். தட்ட மட்டும் உட்கார மாட்டார்கள், அது பெண்கள் வேலை. வேனுக்கு என்றதும் அவர்களும் ஆளுக்கொரு கட்டையோடு வந்துவிட்டார்கள். ஓங்கி ஓங்கி அடித்த அடியில் கொட்டையெல்லாம் நொறுங்கிப் புளியோடு கலந்துவிட்டது. அந்தப் புளி விலைக்கே போகாது. பெண்கள் போட்ட சத்தத்தில் ஆண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்து என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பள்ளியை நிறுத்திய பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

மாலையில் மண்டிக்காரர் வந்து அந்தப் புளியை அள்ளிப் பார்த்தார். கூலியைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று எல்லோருக்கும் பக்கென்றது. "இது எங்க வூட்டுக்கே இருக்கட்டுங்க. வருசம் பூரா கொழம்புல எங்க பல்லு ஒடயட்டும்" என்று சிரித்தார். முழுக் கூலியையும் கொடுத்து, தன் பங்காகவும் கொஞ்சம் சேர்த்துப் போட்டார். விஷயம் பக்கத்துத் தெருக்களுக்கும் போய், அவர்களும் முதல் மூட்டைக் கூலியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பங்குனி முடிவதற்குள் வேன் ஓட ஆரம்பித்தது. மகள் மறுபடியும் கரண்டி பிடிக்கிறாள். சோறு இப்போதும் சிந்தத்தான் செய்கிறது.

எங்களைப் போன்ற பெற்றோருக்கு ஒரு பயம் உண்டு. நமக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் என்ற பயம். அதை வாய்விட்டு யாரிடமும் சொல்ல மாட்டோம். இப்போது வேன் கொஞ்சம் தாமதமானால், எனக்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா டிரைவருக்குப் போன் போட்டுத் திட்டுகிறார். என் மகளுக்குக் காரம் ஆகாது, பட்டாசுச் சத்தம் கேட்டால் மிரளுவாள், தலை வாரும்போது பாட வேண்டும் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். அந்தப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது வரும்போதெல்லாம் எங்கள் தெருவில் அவளைத் தெரிந்த முகங்களை வீடு வீடாக நினைத்துப் பார்க்கிறேன், கடைசி வீடு வருவதற்குள் என் படபடப்பு அடங்கிவிடுகிறது.